கதவடியில் வைக்கும் கல் – டோர் குளோசர் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை



கடை என்றால் பலகைக் கதவு என்று ஒரு காலம் இருந்தது. பிறகு ஷட்டர் வந்தது. காலையில் தூக்கி இரவில் இறக்கினால் கதவைப் பற்றிய வேலை அத்தோடு முடிந்தது. இப்போது அப்படியில்லை. ஓசூரில் சிப்காட் தொழிற்சாலைகளின் ஷிப்ட் முடிந்து வரும் கூட்டத்தை நம்பி, மளிகைக் கடையைப் பெரிதாக்கிக் குளிர்சாதனம் வைத்து, முன்புறம் கண்ணாடிக் கதவு போடும் உறுப்பினர்கள் பெருகிவிட்டார்கள். கிருஷ்ணகிரியிலும் பர்கூர் ஜவுளிக் கடைகளிலும் இதே நிலைதான். இது தவிர, நம்மில் பலர் கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், கோயில் அன்னதானக் கூடம், சங்கக் கட்டடம் என்று ஏதாவது ஒன்றின் நிர்வாகக் குழுவில் இருக்கிறோம். கட்டடம் முடிந்து பெயிண்ட் அடிக்கும் நேரத்தில், சாமான் பட்டியலின் கடைசியில் "டோர் குளோசர் – 12" என்று ஒரு வரி வரும். கையில் பணம் தீர்ந்துபோயிருக்கும் நேரம் அது. "எது மலிவோ அதை வாங்கிப் போடுங்கள்" என்று கையெழுத்தும் ஆகிவிடும்.

அதன் பலனை எங்கும் பார்க்கலாம். நம் பகுதியில் ஏதாவது ஒரு பொதுக் கட்டடத்துக்குள் நுழைந்து குளோசர் பொருத்திய கதவின் காலடியைப் பாருங்கள். பத்தில் பாதியாவது ஒரு கல்லையோ, மடித்த அட்டையையோ, தண்ணீர் கேனையோ முட்டுக் கொடுத்து நிற்கும். தானாக மூடுவதற்கென்று காசு கொடுத்து ஒரு சாதனம் வாங்கி, அது மூடிவிடாமல் இருக்கக் கல் வைக்கிறோம். வாட்ச்மேனைத் திட்டிப் பயனில்லை. கதவு கனமாக இழுத்தாலோ, ஓங்கி அடித்தாலோ, போகிறவர் முதுகில் இடித்தாலோ அவர் கல்லைத்தான் தேடுவார். தவறான குளோசர் வாங்கியதற்கான பில் அந்தக் கல்.

குளோசருக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒவ்வொரு தடவையும் கதவு முழுவதுமாக மூடித் தாழ் விழ வேண்டும் என்பது ஒன்று. கட்டடத்துக்கு வருகிறவர்களிலேயே வலு குறைந்தவர் அந்தக் கதவைத் திறக்க முடிய வேண்டும் என்பது மற்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. வலுவான ஸ்பிரிங் போட்டால் நன்றாக மூடும், திறக்கக் கஷ்டம். மெலிந்த ஸ்பிரிங் போட்டால் திறப்பது சுலபம், காற்றடித்தால் மூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் தேர்வு. அதற்கு வேண்டிய கருவி இன்ஜினியரிடம் இருப்பதைவிட நம் கடையில்தான் இருக்கிறது. அது தராசு.

உள்ளே என்ன இருக்கிறது?

கதவின் தலையில் இருக்கும் அந்த உலோகப் பெட்டிக்குள் ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், எண்ணெய் இவ்வளவுதான். நாம் கதவைத் திறக்கும்போது கை சுழன்று ஸ்பிரிங்கை அழுத்துகிறது. விட்டதும் ஸ்பிரிங் பிஸ்டனைத் திருப்பித் தள்ளுகிறது. பிஸ்டனுக்கு முன்னால் இருக்கும் எண்ணெய் ஒரு சின்னத் துவாரத்தின் வழியாகத்தான் போக முடியும். துவாரத்தைத் திருகு கொண்டு குறுக்கினால் எண்ணெய் மெதுவாகப் போகும், கதவும் மெதுவாக மூடும்.

நல்ல குளோசரில் இரண்டு திருகுகளாவது இருக்கும். ஒன்று கதவு வருகிற வேகத்துக்கு. இன்னொன்று கடைசி ஒரு சாண் தூரத்துக்கு, அதாவது தாழ் விழும் நேரத்து வேகத்துக்கு. சிலவற்றில் மூன்றாவதாக ஒன்று உண்டு. யாராவது கதவை வீசித் திறந்தால் ஓரளவுக்கு மேல் அது தடுத்து நிறுத்தும். ஒரே திருகு உள்ள மலிவுச் சரக்கைப் பொதுக் கட்டடத்துக்கு வாங்க வேண்டாம். அதில் வேகத்தைக் குறைத்தால் தாழ் விழாது, தாழ் விழ வைத்தால் கதவு படாரென்று அடிக்கும்.

எண்ணெய் விஷயத்தை மளிகைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. மார்கழி விடியலில் ஓசூர்க் கடைகளில் தேங்காய் எண்ணெய் டின்னிலேயே உறைந்து நிற்கிறது. அதே டின் சித்திரையில் கிருஷ்ணகிரியில் தண்ணீராய் ஓடுகிறது. குளோசர் எண்ணெய் உறையாது, ஆனால் குளிரில் தடிக்கும், வெயிலில் இளகும். ஓசூர் மேட்டு நிலம், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,900 அடி. மலையிறங்கிக் கிருஷ்ணகிரி வந்தால் வெயிலே வேறு. மே மாதம் சரியாக வைத்த கதவு டிசம்பர் காலையில் பாதி வழியில் சோம்பி நிற்பதும், டிசம்பரில் வைத்தது மே மாதத்தில் ஓங்கி அடிப்பதும் இதனால்தான். கதவு கெட்டுவிட்டது என்று கழற்ற வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு முறை திருகைக் கொஞ்சம் திருப்பினால் போதும். தட்பவெப்பம் மாறினாலும் வேகம் அதிகம் மாறாத எண்ணெய் ஊற்றிய குளோசர்களும் கிடைக்கின்றன. வெயில் நேராகப் படும் மேற்குப் பார்த்த வாசலுக்கு அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

கதவை எடை போடுங்கள்

ஹார்டுவேர் கடையில் "எத்தனை கிலோ கதவு?" என்று மட்டும் கேட்பார்கள். பெட்டியிலும் கிலோதான் பெரிதாக அச்சடித்திருக்கும். அது பாதிக் கணக்கு. கதவின் அகலம் அதைவிட முக்கியம். நம் பெரியவர்கள் வெள்ளிக்கோல் பிடித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அதே குண்டு, கோலில் தள்ளி வைக்க வைக்க அதிக எடையைத் தூக்கியது அல்லவா? கீலுக்குப் பக்கத்தில் இருக்கும் கனமும் கீலிலிருந்து மூன்றடி தள்ளி இருக்கும் கனமும் ஒன்றல்ல. அகலக் கதவை அசைப்பதும் கஷ்டம், வேகமாக வரும்போது நிறுத்துவதும் கஷ்டம்.

நம் நாட்டுத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3564 இந்த இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. 35 கிலோ வரை, 700 மில்லிமீட்டர் அகலம் வரை உள்ள கதவுக்கு 1ஆம் எண். 36 முதல் 60 கிலோ, 701 முதல் 850 மில்லிமீட்டர் வரை 2ஆம் எண். 61 முதல் 80 கிலோ, 851 முதல் 1,000 மில்லிமீட்டர் வரை 3ஆம் எண். எடை ஒரு எண்ணையும் அகலம் இன்னொரு எண்ணையும் காட்டினால் பெரிய எண்ணை எடுங்கள்.

இப்போது சந்தையில் வரும் பல பெட்டிகளில் ஐரோப்பியக் கணக்கான ஈ.என். 1154இன் எண் இருக்கிறது. அதில் 1 முதல் 7 வரை உண்டு. 2 என்பது 850 மில்லிமீட்டர், 40 கிலோ. 3 என்பது 950 மில்லிமீட்டர், 60 கிலோ. 4 என்பது 1,100 மில்லிமீட்டர், 80 கிலோ. 5 என்பது 1,250 மில்லிமீட்டர், 100 கிலோ. நம் ஊர் 3ஆம் எண்ணும் அவர்கள் 3ஆம் எண்ணும் ஒன்றல்ல என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் "மூணாம் நம்பர்" என்று சொன்னால் எந்தக் கணக்கு மூன்று என்று கேட்டே ஆக வேண்டும்.

எடையை எப்படித் தெரிந்துகொள்வது? ஆசாரி கதவை மாட்டுவதற்கு முன் நம் பிளாட்பாரத் தராசில் நிறுத்துப் பார்த்துவிடலாம். மூட்டை நிறுக்கும் தராசு கதவை நிறுக்காதா என்ன! மாட்டிய கதவானால் கணக்குப் போட வேண்டும். தேக்கு கன அடிக்குச் சுமார் 18 கிலோ. ஏழடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அங்குலக் கனமுள்ள தேக்குக் கதவு 48 கிலோ சுமாருக்கு வரும். 12 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. 900 மில்லிமீட்டர் அகலம், 2,100 மில்லிமீட்டர் உயரமுள்ள கண்ணாடிக் கதவு 57 கிலோ ஆகிவிடும். பார்வைக்குக் கண்ணாடி இலேசாகத் தெரிவது வெறும் தோற்றம்தான்.

ஓர் உதாரணம். மண்டபத்து இரட்டைக் கதவில் ஒரு பாதி 1,000 மில்லிமீட்டர் அகலம், 55 கிலோ எடை என்று வையுங்கள். எடையை மட்டும் பார்த்தால் ஐ.எஸ். கணக்கில் 2ஆம் எண் போதும் போலிருக்கும். அகலம் 3ஆம் எண்ணைக் கேட்கிறது. ஆகவே 3. ஈ.என். கணக்கில் எடை 3ஐச் சொல்லும், அகலம் 4ஐச் சொல்லும். அங்கே 4. "60 கிலோ வரை" என்று போட்ட பெட்டியை நம்பி வாங்கிய மண்டபத்தில் அந்தக் கதவு ஒருநாளும் ஒழுங்காக மூடாது.

பாட்டியம்மா கணக்கு

சரி, பெரிய எண்ணையே எல்லாவற்றுக்கும் வாங்கிவிட்டால் என்ன என்று தோன்றும். அதுதான் கல்லில் கொண்டுபோய் விடுகிறது. அளவுக்கு மீறிய ஸ்பிரிங் உள்ள கதவை நாற்பது வயதுக்காரர் யோசிக்காமல் திறந்துவிடுவார். இடுப்பில் பேரனும் கையில் பையுமாக வரும் பாட்டியம்மா திறக்க முடியாது. அவர் இரண்டு தடவை முட்டிப் பார்த்துவிட்டு மூன்றாவது தடவை திறந்து கிடக்கும் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். வியாபாரக் கணக்கில் பார்த்தாலும் இது நஷ்டம்.

இதை அளப்பது சுலபம். கொக்கி போட்ட ஸ்பிரிங் தராசை எடுங்கள். தாழை விடுவித்து, கைப்பிடியில் கொக்கியை மாட்டி, கதவுக்கு நேர் குறுக்காக நிதானமாக இழுங்கள். கதவு நகர்ந்துகொண்டிருக்கும்போது முள் எந்தக் கிலோவைக் காட்டுகிறதோ அதுதான் உங்கள் வாடிக்கையாளர் கொடுக்கும் கூலி. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான விதியில் கட்டடத்தின் உள் கதவுக்கு 5 பவுண்டு, அதாவது சுமார் இரண்டேகால் கிலோ என்று வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் தொடக்க இழுப்புக்கு 3 கிலோ அளவு. நம் கடைகளுக்கு 3 கிலோவுக்குள் நிறுத்தப் பார்க்கலாம். முள் 5 கிலோவைத் தாண்டினால், அந்தக் கதவடியில் கல் வரும் தேதியை இப்போதே காலண்டரில் குறித்து வைக்கலாம்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு. கதவை நேர் குறுக்காகத் திறந்து விடுங்கள். கிட்டத்தட்ட மூடும் நிலைக்கு வர ஐந்து எண்ணும் நேரமாவது ஆக வேண்டும். கைத்தடி ஊன்றி நடப்பவர் அதற்குள் தாண்டிவிடுவார். டிராலி தள்ளிக்கொண்டு போகும் கடையானால், திறந்தபின் சில விநாடி நின்று பிறகு மூடும் வகை இருக்கிறது; விலை கூடுதல், ஆனால் கொடுக்கலாம்.

எண்ணை வாங்கும்போதே நிலையாகக் கட்டிப்போடாமல், 2 முதல் 4 வரை கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பிரிங் உள்ள மாதிரியை வாங்குவதே எங்கள் யோசனை. மாட்டிய பிறகு தராசை வைத்து, தாழ் விழும் மட்டுக்கும் குறைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்பாகக் கீலில் எண்ணெய் விட்டுப் பாருங்கள். கீல் துருப்பிடித்துக் கதவு தரையை உரசினால் அந்தப் பாவத்தையும் குளோசர்தான் சுமக்க வேண்டியிருக்கிறது.

காற்று

நெடுஞ்சாலையைப் பார்த்த கடைகளுக்கும் மேட்டில் இருக்கும் மண்டபங்களுக்கும் ஆடிக் காற்று பெரிய எதிரி. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சாதாரண ஏழடிக் கதவின் மேல் மொத்தமாக 11 கிலோவுக்கு மேல் அழுத்துகிறது. கைப்பிடி இடத்தில் அது ஏறத்தாழ 6 கிலோ இழுப்புக்குச் சமம். எந்த நியாயமான ஸ்பிரிங்கும் இதை எதிர்த்து நிற்காது. காற்றுக்காகவே பெரிய எண்ணை வாங்கினால் காற்றில்லாத பத்து மாதமும் ஜனங்கள் கஷ்டப்படுவார்கள். இதற்கு வைத்தியம் குளோசரில் இல்லை. வாசலுக்கு முன் ஒரு சின்னத் தடுப்புச் சுவரோ, சாய்ந்த கண்ணாடி மறைப்போ, இரண்டு கதவு வைத்த சிறு முன்னறையோ கட்டுவது நல்லது. கதவு நிற்க வேண்டிய இடத்தில் தரையிலோ சுவரிலோ ரப்பர் வைத்த ஸ்டாப்பர் கட்டாயம் வேண்டும். ஸ்டாப்பர் இல்லாத கதவைக் காற்று ஒருமுறை வீசினால் குளோசரின் கை வளையும், அல்லது ஸ்க்ரூ பிய்த்துக்கொண்டு வரும்.

எந்தப் பக்கம் மாட்டுவது?

கீல் தெரியும் பக்கத்தில், அதாவது இழுத்துத் திறக்கும் பக்கத்தில் மாட்டினால் குளோசரின் முழு வலுவும் கிடைக்கும். ஆனால் பொதுக் கட்டடத்தின் வாசல் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். அப்போது அந்தப் பக்கம் தெருவில் இருக்கும். தூசி, மழை, கழற்றிக்கொண்டு போகும் கை என்று எல்லாம் அங்கேதான். ஆகவே உள்ளே, தள்ளும் பக்கத்தில் மாட்ட வேண்டியிருக்கிறது. கையைக் கதவுக்கு இணையாக மடித்துப் போடும் முறையில் வலு கால் பங்கு அளவு குறைந்துவிடும். அப்படி மாட்டுவதானால் வாங்கும்போதே ஓர் எண் கூடுதலாகக் கணக்குப் போடுங்கள். இல்லாவிட்டால் பெட்டியை மேல் நிலையில் பொருத்தி, கையைக் கதவில் பொருத்தும் முறையைக் கேளுங்கள். அதில் வலு அவ்வளவாகக் குறையாது.

பெட்டிக்குள் ஒரு காகித அளவுத் தாள் இருக்கும். அதைக் கதவில் ஒட்டித்தான் துளை போட வேண்டும். பெட்டியைப் பிரித்ததும் ஆசாரி முதலில் தூக்கி எறிவது அந்தத் தாளைத்தான். அரை அங்குலம் இடம் மாறினாலும் நல்ல குளோசர் மட்டமாக வேலை செய்யும். உள்ளே வெற்றாக இருக்கும் மலிவான ஃப்ளஷ் கதவானால், மேல் பகுதியில் கெட்டிக் கட்டை இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். இல்லையென்றால் ஊடுருவிப் போகும் போல்ட் போட வேண்டும்.

சட்டமில்லாத முழுக் கண்ணாடிக் கதவுக்குத் தரைக்குள் புதைக்கும் ஃப்ளோர் ஸ்பிரிங்தான் பொருத்தம். அதற்குத் தனித் தரம் ஐ.எஸ். 6315. நம் மாவட்டத்தில் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை. அதனால் தரையைப் போட்டு முடித்துப் பாலிஷும் ஏற்றிவிட்டு, பிறகு ஃப்ளோர் ஸ்பிரிங்குக்குக் குழி வெட்டுகிறோம். குழியைத் தரை போடுமுன்பே விட வேண்டும். கடை கழுவும் தண்ணீர் அந்தப் பெட்டிக்குள் இறங்காதபடி மேல்மூடியைச் சுற்றி அடைக்கவும் வேண்டும். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரை கழுவும் கடையானால் இதை யோசித்தே போடுங்கள்.

எல்லாக் கதவுக்கும் குளோசர் வேண்டுமா? வேண்டாம். குடோன் கதவுக்கு வேண்டவே வேண்டாம். ஐம்பது கிலோ மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வரும் தொழிலாளியின் மேல் தானாக வந்து மோதும் கதவை யார் கேட்டார்கள்? அங்கே தூசியையும் ஈயையும் தடுக்கப் பிளாஸ்டிக் பட்டைத் திரை போதும்.

கைப்பிடி பற்றியும் ஒரு வார்த்தை. நம் எல்லையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிறவர்கள் வருகிறார்கள். தள்ளு என்றும் நெட்டு என்றும் மூன்று மொழியில் ஸ்டிக்கர் ஒட்டினாலும், படிக்காமல் கை வைக்கிறவர்கள்தான் அதிகம். தள்ள வேண்டிய பக்கத்தில் தட்டையான தகடு, இழுக்க வேண்டிய பக்கத்தில் பிடி. படிக்கத் தேவையே இல்லை.

தீப்பிடித்தால்

இதுவரை சொன்னது வசதியைப் பற்றி. இனிச் சொல்வது உயிரைப் பற்றி.

2022 ஜனவரி 9 அன்று நியூயார்க் நகரில் பிராங்ஸ் பகுதியில் 19 மாடிக் குடியிருப்பு ஒன்றில் மின்சார ஹீட்டரிலிருந்து தீப்பிடித்தது. தீ பெரும்பாலும் ஒரு வீட்டுக்குள்ளும் அதை ஒட்டிய நடைபாதையிலும்தான் இருந்தது. கட்டடம் எரிந்துபோகவில்லை. ஆனாலும் 17 பேர் இறந்தார்கள், அவர்களில் 8 பேர் குழந்தைகள். அந்த வீட்டுக் கதவு தானாக மூடியிருக்க வேண்டும், மூடவில்லை. மேல் மாடியில் படிக்கட்டுக் கதவும் திறந்து கிடந்தது. புகை படிக்கட்டு வழியாக ஏறி மேல் மாடிக்காரர்களைக் கொன்றது. லண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்த தீ விபத்தை விசாரித்தவர்களும், கதவுகளைத் தானாக மூடும் சாதனங்கள் வேலை செய்கின்றனவா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று 2019இல் பரிந்துரைத்தார்கள்.

ஆகவே மாடிப்படிக் கதவு, சமையற்கூடத்துக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே உள்ள கதவு, மின்சார மீட்டர் அறைக் கதவு ஆகியவற்றில் திறந்தபடி நிற்க வைக்கும் கொக்கிக் கை உள்ள குளோசரைப் போடவே கூடாது. பந்தி நேரத்தில் திறந்தே இருக்க வேண்டுமென்றால், மின்காந்தத்தில் பிடித்து வைத்து, புகை அலாரம் அடித்ததும் விட்டுவிடும் ஏற்பாடு இருக்கிறது. அது முடியாவிட்டால் தள்ளித் திறக்கும்படி இலேசான குளோசர் போடுங்கள். கல் மட்டும் வேண்டாம்.

இது ஒரு பக்கம். வெளியேறும் வாசல் இன்னொரு பக்கம். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டப மாடியில் போட்டிருந்த பந்தல் தீப்பற்றி மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறங்குவதற்கு இருந்த படிக்கட்டு குறுகல். 2023 அக்டோபர் 7 அன்று நம் எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையில் லாரியிலிருந்து சரக்கு இறக்கும் நேரத்தில் தீப்பிடித்து, உள்ளே இருந்தவர்கள் வெளியே வர முடியாமல் போயிற்று. 14 பேர் உடனே இறந்தார்கள். பிறகு எண்ணிக்கை கூடியது. இறந்தவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து தீபாவளி வியாபாரத்துக்கு வேலைக்குப் போனவர்கள். அந்த விபத்துகளுக்கும் குளோசருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் வாசலைப் பற்றி நம் பகுதியில் யாரும் அலட்சியமாகப் பேசக் கூடாது என்பதற்காகச் சொல்கிறோம்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 வெளியேறும் கதவு 1,000 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஜனங்கள் கூடும் மண்டபங்களில் 2,000 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும் என்கிறது. குளோசர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இரட்டைக் கதவில் ஒரு பாதியை மேலும் கீழும் டவர் போல்ட் போட்டு அடைத்துவிட்டால் இரண்டு மீட்டர் வாசல் ஒரு மீட்டர் ஆகிவிடுகிறது. விசேஷ நாளில் இரண்டு பாதியும் விடுபட்டிருக்க வேண்டும். உடம்பு சாய்ந்தாலே திறந்துகொள்ளும் குறுக்குத் தண்டு ஒன்று இருக்கிறது. பேனிக் பார் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

அந்தத் தண்டு பிறந்த கதையில் நம் தொழிலுக்கும் பங்கு உண்டு. 1903 டிசம்பர் 30 அன்று சிக்காகோவில் இரோக்வாய் என்ற நாடகக் கொட்டகை தீப்பிடித்து 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வாசல்கள் இருந்தன, திறக்கத் தெரியாத தாழ்களும் உள்பக்கம் திறக்கும் கதவுகளும் அவற்றை அடைத்துவிட்டன. அன்றைய காட்சிக்குப் போக இருந்து, வேலை வந்ததால் போகாமல் தப்பியவர் கார்ல் பிரின்ஸ்லர், இந்தியானாபொலிஸ் நகரத்து வொன்னகட் ஹார்டுவேர் கம்பெனியின் விற்பனையாளர். அந்த நினைப்பு அவரை விடவில்லை. ஹென்றி டூபாண்ட் என்பவரோடு சேர்ந்து பேனிக் பார் ஒன்றை உருவாக்கி 1908இல் விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். வொன்னகட், டூபாண்ட், பிரின்ஸ்லர் மூவர் பெயரையும் சுருக்கி வைத்த வான் டூப்ரின் என்ற பெயரில் அது இன்றும் விற்கிறது. ஒரு ஹார்டுவேர் வியாபாரி செய்த வேலை இது.

வாங்கும் இடத்தில்

நம் பகுதிக்காரர்கள் பாதிப் பேர் பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோட்டுக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். போகலாம், ரகம் அதிகம். ஆனால் ஜி.எஸ்.டி. எண்ணைச் சொல்லி ஐ.ஜி.எஸ்.டி. பில்லாகக் கேட்டு வாங்குங்கள். உள்ளூர்க் கவுண்டர் விற்பனையாகப் போட்டுவிட்டால் கர்நாடக வரி நம் கணக்கில் வராது. கட்டடச் சாமானுக்கு வரவு எடுக்கலாமா கூடாதா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் அபிப்பிராயம், பத்துக்குக் குறைவாக வாங்குகிறவர் உள்ளூரிலேயே வாங்குவது நல்லது. மாட்டிய மூன்றாம் மாதம் ஒன்று கசிந்தால் அத்திப்பள்ளியைத் தாண்டிப் போய்ச் சண்டை போட நேரம் யாருக்கு இருக்கிறது?

ஐ.எஸ்.ஐ. முத்திரையையோ ஈ.என். 1154 என்ற எண்ணையோ பெட்டியில் பாருங்கள். ஆயுளையும் கேளுங்கள். ஈ.என். தரத்தில் ஐந்து லட்சம் தடவை திறந்து மூடிச் சோதிக்கிறார்கள். பெரிய எண்ணாகத் தெரியும். நாளைக்கு 500 பேர் வந்து போகும் கடையில் கதவு 1,000 தடவை திறக்கிறது. ஐந்து லட்சம் என்பது 500 நாள்! ஆகவே முன்வாசலுக்கு நல்ல சரக்கு, ஆபீஸ் அறைக்கு நடுத்தரம் என்று பிரித்து வாங்குங்கள். பன்னிரண்டும் ஒரே ரகமாக வாங்குவது பணத்தையும் வீணாக்கும், முன்வாசலையும் கெடுக்கும். காற்றழுத்தத்தில் ஓடும் வகையின் தரமே 40 கிலோவுக்கு உட்பட்ட இலேசான கதவுக்குத்தான். அதை வாசலில் மாட்ட வேண்டாம்.

மாட்டிய பிறகு பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பக் கூடாது. வலப்பக்கம் திருப்பினால் வேகம் குறையும், இடப்பக்கம் திருப்பினால் கூடும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனால் திருகு வெளியே வந்துவிடும். எண்ணெயும் கூடவே வரும். அதை மறுபடி ஊற்றி அடைக்கும் வசதி நம் ஊரில் இல்லை.

மாதம் ஒருமுறை பெட்டிக்கு நேர் கீழே கதவிலும் தரையிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். கிரானைட் தரையில் நாலு சொட்டு எண்ணெய் போதும், ஒருவர் இடுப்பெலும்பு முறிய. கசிந்த குளோசர் கதவைப் பிடித்து நிறுத்தாது. ஸ்பிரிங் முழு வேகத்தில் கதவை அடிக்கும். குழந்தை விரல் கீல் பக்கத்துச் சந்தில் இருந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. புதியது வரும் வரையில் அதன் கையைக் கழற்றிக் கதவைச் சாதாரணக் கதவாக விட்டுவிடுங்கள். மாடிப்படிக் கதவாக இருந்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றைக்கே மாற்ற வேண்டும். அதற்காக ஒரு குளோசரை வாங்கிப் பெட்டியோடு ஸ்டோர் ரூமில் வைத்திருப்பது பெரிய செலவில்லை.